ஐம்பதாவது ஆள்

டொலீடோவில், மாமீ ஆற்றுக்கு இக்கரையில்,
மூன்று மருத்துவமனைகளின் படுக்கைவிரிப்புகள்
எங்கள் சலவைக்கூடத்துக்குத்தான் வரும்.
ரத்தம், களிம்பு, சில சமயம் ஒரு பல்செட்.
நான் துவைப்பதில்லை.
வியாழன்தோறும் சம்பளப் பட்டியல் போடுகிறேன்.
நாற்பத்தொன்பது வரி.

ஐம்பதாவது வரிக்கு
இரண்டு மாதமாக இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

வாஷிங்டனில் ஒரு மசோதா.
இன்னும் குழுவில்தான் கிடக்கிறது,
ஊறப்போட்டு மறந்த துணிபோல.
ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில்
ஆளுக்கு ஏழு நாள்
சம்பளத்தோடு நோய் விடுப்பு என்கிறது
அதன் நான்காம் பிரிவு.
நாற்பத்தொன்பது என்றால்
காய்ச்சல் அவரவர் செலவு.

முதலாளி மார்லா ஸிமான்ஸ்கி
அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்சடித்துக் கொண்டுவந்தாள்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
"ஏழு பெருக்கல் ஐம்பது?" என்றாள்.
முந்நூற்றைம்பது நாள், என்றேன்.
"ஒருத்தனைச் சேர்த்தால்
வருஷம் முழுக்க வராத இன்னொருத்தனையும்
சேர்த்த மாதிரி."
கொடுமைக்காரி இல்லை.
கொதிகலன் வெடித்த குளிர்காலத்தில்
தன் வண்டியை விற்று எங்களுக்குச் சம்பளம் போட்டவள்.
அந்தக் கணக்கையும் நான்தான் எழுதினேன்.

ஆள் தேவை என்று பலகை வைத்தது
மசோதா வருமுன்.
நேர்காணலுக்கு வந்தவன் ஓரன் பெட்டவே,
கண்ணாடித் தொழிற்சாலையில் உலை பார்த்தவன்.
இஸ்திரி இயந்திரத்தின் பக்கம் தலையைச் சாய்த்து
"உருளையில் ஒரு பேரிங் தேய்ந்திருக்கிறது" என்றான்.
தேய்ந்துதான் இருந்தது.
"சொல்லி அனுப்புகிறோம்" என்றாள் மார்லா.
அதற்கு என்ன அர்த்தம் என்று
வேலை தேடியவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு கூடத்தில் எல்லோரும் எண்ணத் தொடங்கினார்கள்.
மடிப்பு மேசை டொலோரஸ்
முதலில் சித்தி மகளைக் கூட்டிவந்தாள்,
அப்புறம் அவள் கணவனை,
அப்புறம் சர்ச்சில் பார்த்த யாரோ ஒருவரை.
"ஒரே ஒரு ஆள்தானே குறையுது?"
சனிக்கிழமை மட்டும் வரும் இரண்டு மாணவர்கள்
சேர்ந்து அரை ஆளா, முக்கால் ஆளா என்று
சாப்பாட்டு அறையில் ஒரு மணிநேரம் சண்டை.
மார்லா கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேட்டாள்:
"நான் ஒரு ஆளா?"
உட்பிரிவைத் தேடிப் படித்தேன்.
இல்லை. முதலாளி கணக்கில் வரமாட்டார்.
சிரித்தாள்.
அன்றைக்கு வேறெதற்கும் சிரிக்கவில்லை.

மார்ச்சில் காய்ச்சல் பரவியது.
நீராவிக் குழாயருகே நின்றும்
வெண்டல் நடுங்கினான்.
நடுங்கியபடியே விரிப்புகளை உதறினான்,
நோயாளிகளுக்குப் போகிற விரிப்புகளை.
வீட்டுக்குப் போ, என்றேன்.
"நூற்றிருபத்தெட்டு டாலர்" என்றான்.
ஒரு நாளின் விலையை
என்னிடமே சொல்கிறான்.

ஏப்ரலில் குழு ஒரு திருத்தம் கொண்டுவந்தது.
ஐம்பதை அடித்துவிட்டு எழுபத்தைந்து.
யார் போய் யாரிடம் பேசினார்களோ.
மார்லா அன்றே ஓரனைக் கூப்பிடச் சொன்னாள்.
பெரிஸ்பர்க்கில் ஒரு கிடங்கில் சேர்ந்து
ஆறு வாரம் ஆகிறதாம்.
அங்கே நாலாயிரம் பேர்.
எந்த எண்ணைப் போட்டாலும்
அவர்கள் தாண்டிவிடுவார்கள்.
"அந்த பேரிங் மாற்றினீர்களா?" என்றான்.
பதில் சொல்வதற்குள் அங்கே மணி அடித்தது.

மாற்றவில்லை. மே மாதம் உடைந்தது.
இரண்டு நாள் உருளை ஓடவில்லை.
மூன்று மருத்துவமனைகளில் ஒன்று
மரியாதையான கடிதம் அனுப்பியிருக்கிறது.

மசோதா இன்னும் சட்டமாகவில்லை.
ஆகலாம். ஆகாமலும் போகலாம்.
வரிசையில் நின்று பிறந்த குழந்தை இல்லை அது;
வராமலே இங்கே எத்தனை வேலை செய்துவிட்டது,
பட்டியலில் பேரில்லாமல்.

இன்று வியாழன். தொண்டை எரிகிறது.
என் பெயர் முப்பத்தோராவது வரி.
அங்கே வந்ததும் விரல் சற்று நின்றது.
பிறகு நாற்பது மணிநேரம் என்று அடித்தேன்,
வாயைப் பொத்தி
இருமிக்கொண்டே.